இசக்கியின் கை: யார் நாயகன், யார் வில்லன்?



சார் பெயரில் நடக்கும் இந்தப் பேருரைக்கு என்னை அழைத்தபோது முதலில் தயங்கினேன். இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள். நான் சினிமா பார்த்து வளர்ந்தவன், சினிமாவைப் பற்றி எழுதுகிறவன். ஆனால் ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே சார்தான். அதனால் ஒப்புக்கொண்டேன். அவருடைய முழுப் பெயர் என் தலைக்கு மேலே பதாகையில் இருக்கிறது. எனக்கு அவர் சார். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் சார் மாலை வகுப்பு நடத்தியது இங்கே பலருக்குத் தெரியும். சனிக்கிழமை மட்டும் பாடம் கிடையாது. அந்த வாரம் யார் என்ன படம் பார்த்தோமோ அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சண்டை, பாட்டு, சிரிப்பு எல்லாவற்றையும் நடித்தே காட்டுவோம். பொறுமையாகக் கேட்பார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி. "சரி, இந்தக் கதையில நீ எங்கடா இருந்த?"

ஹீரோவாக என்போம். "ஹீரோ வீட்டுக்குள்ள உன்னை விடுவாங்களா?" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வர மேலும் சில மாதங்கள் ஆயின. சிவாஜி வரும் காட்சிகளுக்கு நானும் விசில் அடித்தேன். சனிக்கிழமை முழுக் கதையையும் சொன்னேன். சார் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார். "அந்த இசக்கியோட கை என்னடா ஆச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கை வெட்டுப்பட்டது தெரியும். அதற்கப்புறம் அந்தக் கைக்கு என்ன ஆனது என்று நான் யோசிக்கவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து திரியும் அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல முயல்கிறேன். ஒரு படத்தில் ஒருவன் வில்லனாவதும் இன்னொருவன் நாயகனாவதும் எதனால்? அந்தப் பங்கீட்டில் நாம் எங்கே இருக்கிறோம்?

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். 'வில்லன்' ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அது முதலில் கெட்டவனைக் குறிக்கவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு பிரபுவின் நிலத்தோடு கட்டிப்போடப்பட்டு உழைத்த பண்ணையாளைக் குறித்தது. தாழ்ந்த பிறப்புக்காரன் என்ற பொருள் நாளாக நாளாக இழிந்த குணத்தவன் என்றாகி, கடைசியில் கொடியவன் என்று நின்றது. பண்ணையார்கள் கையில் மொழி இருந்ததால் பண்ணையாளின் பெயரே கெட்டவனின் பெயராகிவிட்டது.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? கோபம் வந்தால் கதாநாயகி வில்லனைப் பார்த்து "சண்டாளா" என்பாள். அரங்கம் கைதட்டும். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியலை எடுத்துப் பாருங்கள், அந்தப் பெயர் அதில் இருக்கிறது. மனிதர்களின் ஒரு கூட்டத்தைக் குறித்த பெயரைத்தான் வில்லனைத் திட்டுவதற்கு நம் சினிமா வைத்திருக்கிறது.

திரைக்கதை கற்கும் மாணவர்களிடம் கேட்டால் வேறு விளக்கம் சொல்வார்கள். யாருடைய விருப்பம் கதையை நகர்த்துகிறதோ அவன் நாயகன், அதற்குக் குறுக்கே நிற்பவன் வில்லன். இதில் நல்லவன் கெட்டவன் என்ற பேச்சே இல்லை. எந்தப் பக்கம் நின்று கதை சொல்கிறோம் என்பதுதான் கணக்கு. இது ஓரளவுக்கு உண்மை. இராவணன் வில்லனா நாயகனா என்று தமிழ்நாடு நூறாண்டாகச் சண்டை போட்டிருக்கிறது. புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார். 1948இல் அரசு அதைத் தடை செய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. நாயகனும் வில்லனும் இடம் மாறினால் ஓர் அரசாங்கமே பதறுகிறது என்றால் இது சும்மா பொழுதுபோக்குச் சங்கதி இல்லை.

ஆனால் இந்த விளக்கம் நமக்குப் போதாது. இராமனை எடுத்துவிட்டு இராவணனை வைத்தாலும் அரசன் இருந்த இடத்தில் அரசன்தான் இருக்கிறான். அரண்மனைக்கு வெளியே நிற்பவன் எந்தப் பக்கம் என்று அந்தச் சண்டையில் யாரும் கேட்கவில்லை. சார் கேட்டது அதைத்தான்.

நம் ஆள் ஒருவன் கதையின் நடுவில் நின்றதே இல்லையா? நின்றான். நந்தன். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தார். 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகள் வழியாக ஊரெல்லாம் பரவிய கதை அது. சிதம்பரம் போக விரும்பும் பண்ணையாளுக்கு, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். விடிவதற்குள் இறைவன் அருளால் எல்லாம் விளைந்து கிடக்கிறது. வேதியர் மனம் மாறி நந்தன் காலிலேயே விழுகிறார். நந்தன் சிதம்பரம் போகிறான். கோயிலுக்குள் போவதற்காகத் தீயில் இறங்குகிறான்.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதன் நெருப்பில் இறங்கும் கதை இது. இந்தக் கதையில் வில்லன் யார்? யாருமே இல்லை. வேதியர் திருந்திவிட்டார். தீட்சிதர்கள் இறைவன் கட்டளையை நிறைவேற்றினார்கள். தீ, தீட்டைக் கழித்தது. நம் ஆள் நாயகனாகவும் இருந்து செத்தும் போக வேண்டுமென்றால், கதையில் குற்றவாளியே இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. வில்லன் இல்லாத கதை நல்ல கதை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பல நேரம் அது குற்றம் நடந்ததையே மறைக்கும் கதை.

இந்த ஏற்பாடு கொட்டகையோடு நிற்பதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்றை நாம் மறக்கவே கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வசதி படைத்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்று நீதிமன்றம் கருதியது. நம் மொழியில் சொன்னால், அவர்கள் முகத்துக்கு வில்லன் வேடம் பொருந்தவில்லை. 44 பேர் கருகிப்போனார்கள், கதையில் வில்லன் இல்லை. நந்தன் கதைதான் திரும்பவும்.

இப்போது 'தேவர் மகன்' படத்துக்கு வருகிறேன். நன்றாக எடுக்கப்பட்ட படம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் அதைப் பற்றிப் பேச வேண்டும். இதில் வில்லன் இருக்கிறான். நாசர் நடித்த மாயன். நாயகன் சக்தி, கமல்ஹாசன். இருவரும் பங்காளிகள், ஒரே குடும்பம், ஒரே சாதி. பூட்டிக் கிடக்கும் கோயிலைத் திறக்க வேண்டும் என்பது சக்தியின் விருப்பம். பூட்டை உடைப்பவன் இசக்கி. அதற்காக வெட்டப்படுவது இசக்கியின் கை.

இசக்கி என்ன சாதி என்று படம் சொல்வதில்லை. அவன் நிற்கிற விதமும், கூப்பிட்டதும் ஓடி வருகிற விதமும் சொல்லிவிடுகின்றன. கை போன பிறகு மருத்துவமனைப் படுக்கையில் அதைப் பற்றி அவனே வேடிக்கையாகப் பேசுகிறான். பார்த்துக்கொண்டு நிற்கும் சக்தி கலங்குகிறான். அந்த இடத்தில் கொட்டகையே கலங்கியது. நானும் கலங்கினேன். யாருக்காகக் கலங்கினேன் என்று சார் கேட்ட பிறகுதான் யோசித்தேன். சக்திக்காகத்தான் கலங்கியிருக்கிறேன். எவ்வளவு நல்ல மனசு இந்த ஐயாவுக்கு என்று.

மாயனை வில்லனாக்கியது எது? கையை வெட்ட வைத்தது. சக்தியை நாயகனாக்கியது எது? வெட்டுப்பட்ட கைக்காக அழுதது. இருவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் இசக்கியின் உடம்பின்மேல் எழுதப்படுகிறது. அந்த உடம்புக்குச் சொந்தமாக ஒரு கோபம் கிடையாது, ஒரு வழக்கு கிடையாது. அவன் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. கடைசியில் சக்தியும் அரிவாளால்தான் மாயனைக் கொல்கிறான். வெட்டுவதுதான் வில்லத்தனம் என்றால் இருவரும் வில்லன்கள். ஆனால் நாம் சக்தியோடு லண்டனிலிருந்து வந்து இறங்கினோம், அவனுடைய அப்பாவின் சாவைப் பார்த்தோம், அவன் காதல் போனதைப் பார்த்தோம். அவன் அரிவாளுக்கு முன்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. மாயனின் அரிவாளுக்கு முன்னால் அது இல்லை. கேமரா யாருடைய வீட்டுக்குள் போனதோ அவனுடைய வன்முறைக்கு வேறு பெயர் கிடைக்கிறது.

தொண்ணூறுகளில் இப்படி எத்தனை படங்கள். நல்ல பண்ணையாருக்கும் கெட்ட பண்ணையாருக்கும் நடக்கும் சண்டை. யார் ஜெயித்தாலும் பண்ணை ஜெயிக்கும். நாம் வில்லனும் இல்லை, நாயகனும் இல்லை. அவர்களைப் பிரித்துக் காட்டும் கோடு.

2018க்குப் பிறகு நிலைமை மாறியதை உங்களில் இளையவர்கள் நேரடியாகவே பார்த்தீர்கள். 'காலா'வில் பா. இரஞ்சித், வெள்ளை உடுத்திய ஹரிதாதாவின் வீட்டில் இராமாயணம் படிக்கப்படும்போதே தாராவியில் தாக்குதல் நடப்பதாகக் காட்டினார். 'கர்ணன்' படத்தில் ஊர்க்காரர்களுக்குத் துரியோதனன், அபிமன்யு என்று பெயர். அந்தப் பெயர்களே காவல் அதிகாரியை உறுத்துகின்றன. அவர் பெயர் கண்ணபிரான். யாருக்கு எந்தப் பெயர் என்பதிலேயே சண்டை தொடங்கிவிடுகிறது.

மாரி செல்வராஜ் இன்னும் ஒரு படி போனார். 2023 ஜூனில் 'மாமன்னன்' வெளியானது. 'தேவர் மகன்' படத்தின் இசக்கிதான் தன் மாமன்னன் என்று அந்தப் படத்தின் இசை வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே சொன்னார். இசக்கியாக நடித்த அதே வடிவேலு தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் மாமன்னனாக வந்தார். கட்சிக்காரர் வீட்டில் உட்காராமல் நின்றே பழகியவர். அந்த வீட்டு வாரிசு ரத்னவேல், பகத் பாசில். பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்பவன். முப்பது ஆண்டு கழித்துச் சாரின் கேள்விக்குத் திரையிலேயே பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்று சார் உயிரோடு இல்லை.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். படம் ஓடிடிக்கு வந்ததும் கைபேசியெங்கும் ரத்னவேல். ஸ்லோமோஷனில் நடை, மீசை, வெள்ளைச் சட்டை, பின்னணியில் ஏதாவதொரு சாதிப் பெருமைப் பாட்டு. ஆளுக்கொரு சாதியின் பாட்டைப் போட்டுக்கொண்டார்கள். இயக்குநர் வில்லனாக எழுதியவனைப் பார்வையாளர்களில் ஒரு கூட்டம் நாயகனாகத் தூக்கிக்கொண்டு போனது. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் அண்ணன் மகன் ஒரு நாள் போன் செய்தான். "சித்தப்பா, என் ரூம் மேட்டே ஸ்டேட்டஸ் வச்சிருக்கான். அவன் கூடத்தான் தினமும் சாப்பிடுறேன். இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றான். அவன் கேட்டது சினிமா விமர்சனம் இல்லை. அன்று இரவு அந்த அறையில் எப்படித் தூங்குவது என்று கேட்டான்.

பகத் பாசில் நன்றாக நடித்துவிட்டார், அதுதான் காரணம் என்றார்கள் சிலர். படமும் கொஞ்சம் இடம் கொடுத்தது, மறுக்க மாட்டேன். ரத்னவேலுக்கு அப்பா உண்டு, வீடு உண்டு, அவமானம் உண்டு, நடந்து வருவதற்கு இசை உண்டு. ஆனால் முக்கியமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். அந்த முப்பது நொடித் துணுக்குகளில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள், என்ன இல்லை என்று பாருங்கள். செத்த நாய் இல்லை. நின்றுகொண்டே இருந்த மாமன்னன் இல்லை. கோயில் கிணற்றில் குளித்ததற்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட சிறுவர்கள் இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். வில்லனை வில்லனாக்குவது அவன் முகமோ மீசையோ இசையோ இல்லை. அவன் செய்த செயலும்கூடத் தனியாக அவனை வில்லனாக்கிவிடாது. அந்தச் செயலைத் தாங்கியவர் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், அவருக்கு ஒரு பெயரும் ஒரு வாழ்க்கையும் இருக்க வேண்டும். அவரை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு வீரன். எந்த வில்லனும் அவனால் பாதிக்கப்பட்டவர் இல்லாத சட்டகத்தில் நாயகன்தான்.

இதற்கு நேர் எதிரான சாட்சியாக அதே இயக்குநரின் 'பரியேறும் பெருமாள்' இருக்கிறது. அதில் வரும் முதியவர் ஒருவரை ஆற்றில் அமுக்கிக் கொல்கிறார், அது விபத்தாகிறது. ஒரு பெண்ணைத் தூக்கில் ஏற்றுகிறார், அது தற்கொலையாகிறது. ரத்னவேலைவிட அதிகம் கொன்றவர் அவர். அவரை யாராவது ஸ்டேட்டஸ் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அவருக்கு அட்டகாசமான அறிமுகம் இல்லை, வீரமான நடை இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி இருக்கிறார். அவர் வரும் ஒவ்வொரு இடத்திலும் சாகப்போகிறவரின் மூச்சுதான் நமக்குக் கேட்கிறது. அவரைத் தனியாக வெட்டி எடுக்கவே முடியாது.

வெளியில் நடப்பதும் இதுதான். 2015இல் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பொறியியல் பட்டதாரி தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். அதையும் தற்கொலையாகக் காட்டத்தான் முயன்றார்கள். முக்கியக் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே ஆடியோ வெளியிட்டார். அதைக் கைபேசி கைபேசியாகப் பகிர்ந்து ரசித்தார்கள். சரணடைய வந்தபோது ஆதரவாளர்கள் திரண்டார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 'மாமன்னன்' வெளியானதும் அதே ஜூனில்தான். ரத்னவேலை நாயகனாக்கிய கைகள் அந்தப் படத்துக்காகப் புதிதாகப் பழகிக்கொண்டவை இல்லை.

அப்படியானால் இனி வில்லனைக் கொடூரனாக, பார்த்தாலே அருவருப்பாக எழுதிவிடலாமா? கூட்டங்களில் தோழர்கள் இப்படிக் கேட்பதுண்டு. வேண்டாம் என்பேன். 1936இல் லாகூரில் பேசுவதற்காக அம்பேத்கர் ஓர் உரை எழுதினார். அழைத்தவர்களே அதைக் கண்டு பயந்து கூட்டத்தை ரத்து செய்தார்கள், அவரே அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. சாதியைக் கடைப்பிடிப்பவர்கள் மனிதத்தன்மை இல்லாதவர்கள் என்பதால் கடைப்பிடிக்கவில்லை, தங்கள் மதத்தை ஆழமாக நம்புவதால் கடைப்பிடிக்கிறார்கள் என்ற பொருளில் அதில் எழுதினார். நம் எதிரியை அரக்கனாக எழுதிவிட்டால் படம் பார்க்கிற ஒவ்வொருவனும் "நான் அரக்கன் இல்லையே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவான். கார் வைத்திருந்த மிராசுதாரும் அப்படித்தான் வீட்டுக்குப் போனார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் ஜோவின் அப்பா மகள்மேல் பாசம் உள்ளவர். அந்தப் பாசமும் சாதியும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. எழுத வேண்டியது அந்த முடிச்சைத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். சார் எங்களிடமெல்லாம் "நீ எங்கடா இருந்த" என்று கேட்டு முடித்த ஒரு சனிக்கிழமை, "என்கிட்ட ஏன் சார் கேக்கல?" என்றாள். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "தப்புதான்ம்மா, சொல்லு" என்றார். அவள் சொன்னாள், "நான் எந்தப் படத்துலயும் இல்ல சார். இசக்கிக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா அவ எங்கயோ அங்கதான் நானும் இருப்பேன்." நம் படங்களில் நம் ஆண்கள் நாயகர்களாகிவிட்டார்கள். அவள் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சட்டகத்துக்கு வெளியே யாரை நிறுத்தியிருக்கிறோம் என்று நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் படம் எடுப்பீர்கள். சிலர் வழக்கறிஞர் ஆவீர்கள். பலர் ஏதோ ஓர் ஊரில் வன்கொடுமை நடந்தால் உண்மையறியும் குழுவில் போய் அறிக்கை எழுதுவீர்கள். நம் அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கொன்றவன் யார், அவன் பின்னணி என்ன, எத்தனை வெட்டு, என்ன ஆயுதம் என்று பக்கம் பக்கமாக இருக்கும். செத்தவர் பற்றி அவர் வயது, உட்சாதி, அவ்வளவுதான். அவர் என்ன படித்தார், சாயங்காலம் எங்கே போய் நிற்பார், யாருக்குக் கடன் தர வேண்டியிருந்தது, எந்தப் பாட்டுக்கு ஆடுவார் என்பதெல்லாம் இருக்காது. கொன்றவனுக்கு ஒரு கதை கொடுத்துவிட்டு, செத்தவருக்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். அந்த அறிக்கையையும் முப்பது நொடியாக வெட்டுவது எதிரிக்குச் சுலபம். செத்தவரிலிருந்து எழுதத் தொடங்குங்கள். அவரை வெட்டி எடுக்க முடியாதபடி எழுதுங்கள்.

என் அண்ணன் மகனுக்கு அன்றைக்கு நான் சொன்னது இதுதான். "சண்டை போடாதே. படத்தை முழுசா அவன்கூட உட்கார்ந்து இன்னொரு தடவை பாரு. அந்தக் கிணத்துக் காட்சியில நிறுத்திட்டு, இதுல நான் எங்க இருக்கேன்னு அவன்கிட்ட கேளு." அவன் கேட்டான். நண்பன் பதில் சொல்லவில்லையாம். இரண்டு நாள் கழித்து ஸ்டேட்டஸ் மட்டும் இல்லை. மனம் மாறியதா, சங்கடத்தில் எடுத்துவிட்டானா, தெரியாது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

சார், உங்கள் கேள்விக்கு நான் தாமதமாகத்தான் பதில் சொல்கிறேன். இசக்கியின் கை எங்கேயும் போகவில்லை. சட்டகத்துக்கு வெளியே கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. மறுபடி வெளியே தள்ளவும் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்களும் இருக்கிறோம்.

ஜெய்பீம்.